கைகளின் மேல் உட்கார்ந்திருந்தவர்

கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொள்வதுதான். குளிருக்குப் பயந்தவர் மாதிரி. வெள்ளவத்தையில் எங்கே குளிர்? காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில், கதிரையை விட்டு எழும்பினால் சட்டை கதிரையோடு ஒட்டிக்கொண்டு வரும். அந்த வெக்கையில் இந்த மனுசி கைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, பிழை காட்டுகிற திரையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து மேசையில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பவன் நான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அக்கா, இதென்ன பழக்கம்?"

"கை அவசரப்படும்," என்றார். "கண் பார்த்து முடியிறதுக்கு முதல் கை போய் எதையாவது அமத்திப் போடும். பிறகு என்ன நடந்தது எண்டு கடவுளுக்கும் தெரியாது."

அக்கா என்று கூப்பிட்டேனே தவிர, எனக்கும் அவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். அவர் மூளையால் பிழைத்தார், நான் வாயால். மருந்துக்கடை, ஆய்வுகூடம், துறைமுகப் பக்கத்துச் சரக்கு முகவர் என்று சின்னச் சின்ன நிறுவனங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் தொழில். ஏதாவது நின்றுபோனால் அவர் திருத்துவார். அவர் திருத்தி முடிக்கும் வரை வாடிக்கையாளரைச் சமாளிப்பது என் தலையெழுத்து.

சமாளிப்பது லேசான காரியம் இல்லை. ஏனென்றால், உலகமே செய்கிற ஒன்றை அவர் செய்யவே மாட்டார். எது நின்றாலும் அணைத்துவிட்டுத் திருப்பிப் போடுவதுதானே நம் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்? அவரிடம் அந்தப் பேச்சை எடுத்தால் முகம் கறுத்துவிடும். "அணைச்சா நோயும் போகும், நோய்க்குக் காரணமும் போகும். காரணம் திரும்பி வரேக்க ஆர் நிண்டு பிடிக்கிறது?" என்பார். வாடிக்கையாளர் பதறிக்கொண்டு எடுத்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்ன கண்டனீங்கள்?"

"மிஸ், நெட்வேர்க்தான் பிழை எண்டு நினைக்கிறன்..."

"நினைச்சதைப் பிறகு சொல்லலாம். கண்டதைச் சொல்லுங்கோ."

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'நீதவான்' என்று பட்டப்பெயர். வைத்தவன் நான்தான்.

லினக்ஸ் என்றால் இப்போது பலருக்கும் தெரியும். அதற்குப் பெரியப்பா மகன் முறையில் ஒன்று இருக்கிறது, பிஎஸ்டி என்று பெயர். அதுவும் இலவசம், உள்ளே இருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அக்காவுக்கு அதன்மேல் தீராத பைத்தியம். அதை எழுதுகிறவர்களும் அதில் நிரல் எழுதுகிறவர்களும் சந்தேகம் கேட்கிற ஓர் இணைய மன்றம் உண்டு. மதியச் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் சோறு பிசைந்தபடி அங்கே பதில் எழுதுவார். எந்த நாட்டுக்காரன் என்றாலும் அதே கேள்விதான். ஒருத்தன் ஒருமுறை பக்கம் பக்கமாகத் தன் ஆராய்ச்சியைக் கொட்டியிருந்தான். எங்கே பிழை, யார் மேல் குற்றம், எப்படித் திருத்த வேண்டும் என்று எல்லாம் இருந்தது. அக்கா எழுதிய பதிலைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன்: "உங்கள் கருத்து கிடைத்தது. பிழைச் செய்தி இன்னும் கிடைக்கவில்லை." அவன் பிறகு அவரை அந்த மன்றத்தில் தலைக்கனம் பிடித்தவர் என்று திட்டித் தீர்த்தான். தலைக்கனம் இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன்.

வீட்டிலும் அப்படித்தான். அவருடைய அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் கலியாணம் பேசுவார். அலுவலகம் சின்னது, எல்லாம் எங்கள் காதிலும் விழும்.

"பொடியன் நல்ல குணமாம் பிள்ளை."

"ஆர் கண்டது?"

"புரோக்கர் சொன்னவர்."

"புரோக்கர் கண்டவரோ, கேள்விப்பட்டவரோ?"

அம்மா பட்டென்று தொடர்பைத் துண்டித்துவிடுவார். அந்தப் பொடியனுக்காக நாங்கள் எல்லாரும் கூட்டமாகப் பரிதாபப்படுவோம்.

இப்படிப்பட்டவரை எப்படிப் பிடிக்கும் என்று கேட்கலாம். எனக்கும் கொஞ்சக் காலம் பிடிக்கவில்லை. அப்பா செத்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவர் சொர்க்கத்துக்குப் போய்விட்டார், நிம்மதியாகப் போனார் என்றெல்லாம் சொன்னார்கள். நிம்மதியாகப் போகவில்லை என்பது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா கடைசியாக வந்தார். "போன மாசம் நான் இந்தப் பக்கம் வந்த நேரம் உங்கட அப்பா என்னைக் கண்டு, சாப்பிட்டனீரோ எண்டு கேட்டவர். அது நான் கண்டது," என்றார். அன்று முழுக்க எனக்கு ஆறுதலாக இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அன்றிலிருந்து அவரை யாராவது திட்டினால் எனக்கும் ஒருமாதிரி கோபம் வரும். நான் திட்டலாம், அது வேறு கதை.

அந்த பிஎஸ்டிக்கு ஓர் அடையாளப் படம் உண்டு. சிவப்பு நிறத்தில் ஒரு குட்டிப் பேய். கொம்பு, வால், கையில் சூலம், காலில் விளையாட்டுச் சப்பாத்து. பார்த்தால் சிரிப்பு வருமே தவிரப் பயம் வராது. தான் அமைத்த ஒவ்வொரு கணினிப் பெட்டியின் நெற்றியிலும் அக்கா அந்த ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். ஓவியன் கையெழுத்துப் போடுவது மாதிரி. அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அது.

நாடு கடனில் மூழ்கி, மின்வெட்டுக் காலம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. கடதாசிகூட இல்லாமல் போனது. ஒவ்வொரு பகுதிக்கும் எந்த நேரம் கரண்ட் போகும் என்று அட்டவணை வரும். எங்களிடம் இருந்த பற்றரிப் பெட்டிகள் எல்லாம் தினம் தினம் அடிவாங்கி ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

அப்படி ஒரு நாள் காலையில்தான் கொட்டாஞ்சேனை ஆய்வுகூடத்திலிருந்து அழைப்பு வந்தது. இரத்தம், சிறுநீர் எல்லாம் சோதிக்கிற சின்ன இடம். அதை நடத்தியவர் ஒரு சிங்களப் பெரியவர், எல்லாரும் அவரை 'மாத்தயா', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். அன்று குரலே வேறு மாதிரி இருந்தது. விடியற்காலையிலிருந்து கணினி நின்றுவிட்டது, ஒரு முடிவையும் எடுக்க முடியவில்லை என்றார். ஒரு மணிக்கு அந்தப் பகுதியில் கரண்ட் போகும்.

"ஒண்டையும் தொடவேண்டாம் எண்டு சொல்லும்," என்றார் அக்கா, பையை எடுத்துக்கொண்டே.

ஓட்டோக்காரர்கள் எல்லாரும் பெற்றோல் வரிசையில் நித்திரை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு புறக்கோட்டை வரை போய், அங்கிருந்து நடந்தோம். வழி முழுக்க நான் நாட்டைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஆய்வுகூட வாசலில் போட்டிருந்த வாங்குப் பலகையில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். கொச்சிக்கடையில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் அந்தோனியார் பதக்கம். அதை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி ஓடிவந்தார்.

"மிஸ், எம் புள்ள ரிசல்ட்டு எடுக்கத்தானே வந்திருக்கீங்க?"

விசயம் இதுதான். அவருடைய பெண் குழந்தைக்குக் கடும் காய்ச்சல், வலிப்பு, மூளைக்காய்ச்சலோ என்று சந்தேகம். ஆஸ்பத்திரியில் சோதிக்கிற மருந்துப்பொருள் முடிந்துபோனதால், முள்ளந்தண்டிலிருந்து எடுத்த நீரை இங்கே அனுப்பியிருந்தார்கள். கொஞ்சூண்டு நீர், சோதித்ததோடு முடிந்துவிட்டது. மருந்து ஏற்கெனவே ஏற்றத் தொடங்கியாயிற்று, இனி எடுக்கிற நீர் சரியான கதையைச் சொல்லாது. அந்த மருந்தோ கொழும்பு முழுக்கத் தட்டுப்பாடு. முடிவு 'நோர்மல்' என்றால் நிறுத்திவிட்டு, மிச்சத்தை வேறு பிள்ளைக்குக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரி டொக்டர் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

இரவு வேலை பார்த்த பரிசோதகர் முடிவை நேரே கணினியில் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மற்ற நாள் என்றால் ஒரு துண்டுக் கடதாசியிலாவது எழுதி வைத்திருப்பார். கடதாசியை மிச்சம் பிடிக்கச் சொல்லி மாத்தயாதான் கட்டளை போட்டிருந்தார்.

"மிஸ், ரீஸ்டார்ட் கரமு," என்று கையைப் பிசைந்தார் மாத்தயா. "ஹரி யய்." அணைத்துப் போட்டால் சரியாகிவிடுமாம்.

அக்கா பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கைகள் தொடைக்கு அடியில் போயின.

எனக்கு மண்டை சூடாகியது. மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கக் கணினிகள் எல்லாம் விறைத்துப்போயிருந்தன. உள்ளறையில் ஒரே ஒரு கட்டளைத் திரை மட்டும் உயிரோடு துடித்தது. ஒவ்வொரு முறை கணினி எழும்பும்போதும் தானாகத் திறக்கும்படி அக்கா முன்பே செய்து வைத்தது.

"ஹார்ட் டிஸ்க் மூச்சு விடேல்லை," என்றார் மெதுவாக. "ராத்திரி தட்டினது ஒண்டும் டிஸ்க்கில எழுதப்படேல்லை. எல்லாம் வரிசையா மெமரியில நிக்குது. இப்ப அணைச்சா அதோட சரி."

நான் மாத்தயாவுக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்தார். கரண்ட் போனாலும் அதேதான். அங்கிருந்த பற்றரிப் பெட்டி போன கிழமையே செத்துவிட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.

அக்கா குனிந்து மேசைக்கு அடியில் இருந்த பெட்டியைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்தார். "கொதிக்குது. பெட்டி ஏன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிக்குது? ஆர் திருப்பினது?"

பெட்டியின் முன்பக்கம்தான் காற்று இழுக்கிற பக்கம். அது சுவரோடு ஒட்டிக்கிடந்தது, மேலே ஒரு துணி வேறு.

"பிழை பிடிக்கக் கேக்கேல்லை. எப்ப திருப்பினது எண்டு மட்டும் எனக்குத் தெரியவேணும்."

வரவேற்பு மேசையில் இருந்த பிலோமினா அழத் தொடங்கிவிட்டார். "நான்தான் மிஸ். தவக்காலத்துல ஃபாதர் எடத்தை ஆசீர்வதிக்க வந்தாரு. அந்தப் பேய்ப் படம் அவரு கண்ணுல பட்டா என்ன நெனைப்பாருன்னு செவத்துப் பக்கம் திருப்பி, துணியையும் போட்டேன். அப்பறம் திருப்ப மறந்துட்டேன் மிஸ்."

மின்வெட்டில் அடிவாங்கி ஏசியும் பழுதாகிக் கிடந்த அறையில், மூக்கைப் பொத்தினது மாதிரி அந்தப் பெட்டி நாட்கணக்காக வெந்திருக்கிறது. அக்கா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். அந்தப் படத்தை ஒட்டியவர் அவர்தான் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விசயம்.

"நல்லது. கண்டதைச் சொன்னீங்கள்," என்றார் பிலோமினாவிடம். துணியை எடுத்தார். பெட்டியை அசைக்கவில்லை, ஓடுகிற டிஸ்க் ஆடினால் உள்ளதும் போய்விடும் என்றார். அட்டை ஒன்றை எடுத்து விசிறச் சொல்ல, பிலோமினா கண்ணீரோடு மண்டியிட்டு விசிறத் தொடங்கினார்.

இதற்கிடையில் மாத்தயா பரிசோதகரைத் தொலைபேசியில் பிடித்து, எல்லாருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அவர் களனியில் காஸ் வரிசையில் நின்றார். பின்னால் ஒரே சத்தம்.

"அந்தப் பிள்ளையின்ரயா? நோர்மல் எண்டுதான் ஞாபகம் சேர். ரெண்டு சாம்பிள் பார்த்தனான். ஓம், நோர்மல்தான் எண்டு நினைக்கிறன்."

மாத்தயாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வாங்கில் இருந்தவருக்கும் அந்தச் சொல் கேட்டுவிட்டது. "நோர்மலா? அந்தோனியாரே!" என்று பதக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாத்தயா ஆஸ்பத்திரி இலக்கத்தை அழுத்தப் போனார்.

அக்கா எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அரைகுறைச் சிங்களத்தில் மாத்தயாவைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஹிதப்பு தே எப்பா! தெகப்பு தே கியன்ன!" நினைத்தது வேண்டாம், கண்டதைச் சொல்லுங்கள். அதே பழைய வசனம்தான், மொழிதான் வேறு.

"ரெண்டு சாம்பிள் எண்டவர். எது ஆரின்ர எண்டு ஆர் கண்டது?"

மாத்தயாவின் விரல் ஃபோனுக்கு மேலேயே நின்றது. கொச்சிக்கடைக்காரர் அக்காவின் முன்னால் வந்து நின்றார். "நோர்மல்னு சொல்லிட்டாங்களே மிஸ். நல்லதுதானே? நீங்க ஏன் குறுக்க நிக்கிறீங்க?"

"நல்லதெண்டு நான் இன்னும் காணேல்லை."

அந்த மனிதர் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். கையில் கொடுத்த சோற்றைப் பறித்தவரைப் பார்ப்பது போன்ற பார்வை. எனக்கும் ஆத்திரம் பொங்கியது. அக்காவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, அந்த மனுசனுக்கு ஒரு ஆறுதல் சொல்லிப்போட்டு வேலையைப் பார்த்தா என்ன குறைஞ்சுபோகும்?"

"ஆறுதல் பிழையா இருந்தா?"

"சரி, அப்ப கெதியா எதையாவது தட்டுங்கோவன்!"

"தட்டலாம். ஒருக்காத்தான் தட்டலாம்." கதிரையை நிமிர்த்தி மறுபடியும் கைகளின் மேல் உட்கார்ந்தார். "எல்லாரும் வழமையாப் போடுற கட்டளை டிஸ்க்கில இருந்து எழும்பி வரவேணும். கூப்பிட்டா அது வராது, கூப்பிட்ட இந்தத் திரையும் அதோட செத்திடும். இந்தத் திரைக்குத் தானாத் தெரிஞ்ச சொல்லுகள் கொஞ்சம் இருக்கு. அதை மட்டும் வச்சுத்தான் ஒரு வசனம் கட்டவேணும்."

உதடுகள் அசைந்தன. மனதுக்குள் எழுதி, அழித்து, எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அதையும் நம்ப முடியாது, கரண்ட்காரர்கள் சில நாட்களில் முந்திவிடுவார்கள். பிலோமினா விசிறிக்கொண்டே செபமாலை சொன்னார்.

"பிள்ளையின்ர நம்பர் என்ன?"

கொச்சிக்கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து கசங்கிய துண்டை எடுத்து நீட்டினார். முகம் இன்னும் இறுகியே இருந்தது. நான் வாசித்தேன்.

"இன்னொருக்கா. ஒவ்வொரு இலக்கமா."

வாசித்தேன். கைகள் வெளியே வந்தன. ஒரு விரலால், எழுத்தெழுத்தாகத் தட்டினார். தட்டி முடித்துவிட்டு மறுபடி முழுக்கப் பார்த்தார். ஓர் எழுத்தை மாற்றினார். எனக்கு அந்தப் பொத்தானை நானே அமத்திவிடலாம் போல இருந்தது.

"ஃபோனைத் தயாரா வையும்," என்றார். அமத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. திரை வெறுமையாக இருந்தது. போச்சு என்று நினைத்தேன். மாத்தயா பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு, யாரோ யோசித்துச் சொல்வது மாதிரி, ஒரே ஒரு வரி வந்து விழுந்தது. குழந்தையின் இலக்கம், அதற்குப் பக்கத்தில் எண்கள். படம் எடுத்தேன். முதலாவது தெளிவில்லாததால் இன்னொன்றும் எடுத்தேன்.

மாத்தயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டிய இடத்தில் எண் நூற்றுக்கணக்கில் இருந்தது. நோர்மல் இல்லை. நோர்மலுக்குப் பக்கத்திலும் இல்லை. பரிசோதகரின் ஞாபகத்தில் இருந்தது மற்ற ஆளின் நீர்.

ஆஸ்பத்திரி டொக்டரோடு அவர் பேசிக்கொண்டிருக்கும்போது, மிச்ச முடிவுகளை எடுப்பதற்கு அக்கா அடுத்த வசனத்தைத் தட்டத் தொடங்கினார். அது பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்விசிறி நின்றது, வெளிச்சம் போனது, திரை கறுத்தது. முந்திவிட்டார்கள். மற்றவர்களிடம் திரும்ப இரத்தமோ நீரோ எடுக்கலாம், அது பெரிய பிரச்சினை இல்லை. அந்த ஒரு வரியைத்தான் திரும்ப எடுக்க முடியாது.

மருந்தை நிறுத்தவேண்டாம், மிச்சத்தை எங்கே கிடைத்தாலும் தேடி எடுங்கள் என்று டொக்டர் சொன்னாராம். கொச்சிக்கடைக்காரர் வாங்கில் சரிந்தார். நோர்மல் என்ற சொல்லைக் கேட்டுக் கொஞ்ச நேரம் சந்தோசமாக இருந்தவர் அல்லவா? அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அப்போதும் அவர் வாயில் பிள்ளை பிழைக்கும் என்றோ, பயப்படாதேங்கோ என்றோ வரவில்லை.

"எண் கூடிப்போய் இருக்கு. அதை நான் கண்டனான். டொக்டரும் கேட்டிட்டார். மருந்து நிக்காது. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் அண்ணை."

அவர் எழும்பி, ஆஸ்பத்திரிப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அடுத்த நாள் அலுவலகத்தில் வேறு ஒரு யுத்தம். ஆய்வுகூடத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் மின்வெட்டு என்று போடச் சொன்னார் எங்கள் முதலாளி.

"ஊருக்கே கரண்ட் இல்லை, பிள்ளை. அதில தள்ளிவிட்டா ஆர் கேக்கப்போறான்?"

"மின்வெட்டு அறையைச் சூடாக்கினது. டிஸ்க்கை அவிச்சது என்ர ஸ்டிக்கர். அதை நான் கண்டனான்."

"உமக்கு விசரோ? அந்த இடம் எங்களை விட்டுப் போயிடும்."

"போகட்டும்."

அறிக்கையில் பிலோமினாவின் பெயர் இல்லை. காற்று இழுக்கிற பக்கத்தில் பொருத்தமில்லாத படம் ஒன்றைத் தான் ஒட்டியதால் அந்தப் பக்கம் மறைக்கப்பட்டது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாத்தயா நன்றி சொன்னார், அந்த மாதத்தோடு எங்களை நிறுத்தியும் விட்டார். முதலாளி அக்காவோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டார். அக்கா ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் போய் அந்தச் சிவப்புப் பேய்களை நகத்தால் சுரண்டி எடுத்தார். தன் மடிக்கணினியில் இருந்ததையும் எடுத்தார். அந்த இடத்தில் பிசின் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, அதனால் அவரைக் கேலி செய்வதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தேன்.

குழந்தையைப் பற்றி அவர் ஒருமுறையும் பேசவில்லை. ஆனால் தொலைபேசி அடித்தால் எனக்கு முதல் அவர் தலை நிமிரும். ஒரு நாள், "அந்தப் பிள்ளை சுகமாத்தான் இருக்கும் அக்கா," என்று சொல்லிப் பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்கப்போகிற கேள்வி தெரியுமாதலால் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் இப்போது உண்மையாகவே ஒரு குளிர் நாட்டில் இருக்கிறார். அங்கே கைகளை ஒளித்து வைப்பதற்கு ஒரு நியாயமாவது இருக்கும். அந்த மன்றத்தில் இன்னும் பதில் எழுதுகிறார், இன்னும் திட்டு வாங்குகிறார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது அவர் போவதற்கு முந்திய ஒரு மத்தியானம்தான். முதலாளி தன் அறையில், அக்கா தன் கதிரையில், கைகள் வழக்கமான இடத்தில். மரப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கழுத்தில் கறுப்புக் கயிறு. கொச்சிக்கடைக்காரர்.

அன்று அவர் பார்த்த பார்வை எனக்கு நினைவிருந்தது. அக்காவுக்கும் இருந்திருக்க வேண்டும், அவர் அசையவே இல்லை.

"மிஸ்," என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஃபோன்லயே சொல்லியிருப்பேன். ஆனா நீங்க கண்டாத்தானே நம்புவீங்க. அதான் புள்ளையையே கூட்டிட்டு வந்தேன்."

அவருடைய காலுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். முடி ஒட்ட வெட்டியிருந்தது. மெலிந்து, கண் மட்டும் பெரிதாக. ஊசி குத்திய கையில் நீலம் இன்னும் முழுக்க மாறவில்லை. அப்பா தோளைத் தொட்டதும் தானாகவே நடந்து அறைக்கு நடுவில் வந்து நின்றாள்.

அக்கா அவளைப் பார்த்தார். பிழை காட்டும் திரையைப் பார்ப்பது போலவே, உச்சியிலிருந்து கால் வரை, ஒன்றையும் விடாமல். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சிறுமி கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் ஏறி, அவரைப் போலவே தன் கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அக்காவின் கைகள் வெளியே வந்தன. குழந்தையின் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"இனி உமக்கு ஒண்டும் வராது, என்ர செல்லம்," என்றார். "நூறு வயசுக்கு நல்லா இருப்பீர்."

கண்டனீங்களோ அக்கா, என்ற கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எத்தனையோ வருசமாக நான் காத்திருந்த சந்தர்ப்பம். கேட்காமல் விழுங்கிவிட்டு, பிள்ளைக்கு நெக்டோ சோடா வாங்கக் கீழே இறங்கிப் போனேன்.